பறக்கத் தெரிந்ததும் பொறுக்கத் தெரிந்ததும்

(குச்சவெளியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



முப்பது வருடத்துக்கு மேல் உயிரியல் படிப்பித்தவன் நான். பாடசாலையில் படிப்பித்ததில் பெரும்பகுதி புத்தகத்தில் இருந்தது. இன்றைக்குப் பேசப்போவதை என் சொந்த வீட்டில், நானே செய்த இரண்டு பிழைகளிலிருந்து கற்றேன். ஒன்று தேனீ சம்பந்தப்பட்டது, மற்றது பாசி சம்பந்தப்பட்டது. அழியும் நிலையில் உள்ள ஒரு தேனீயையும் அரிதாகிவிட்ட ஒரு பாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு வந்தது.

1990இல் ஊரைவிட்டுப் போனவர்கள் நாங்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தேன். கூரை இல்லை. முற்றத்தில் எருக்கலையும் நாயுருவியும் ஆள் உயரம். வேலி இருந்த இடம் தெரியாமல் நொச்சியும் ஆவரசும் மூடிக் கிடந்தன. நடு அறையில் சுவரோடு கட்டிய அலுமாரி ஒன்று மட்டும் கதவு சாத்தியபடி அப்படியே இருந்தது. அதன் திறப்புத் துவாரத்தால் தேனீ போய்வந்துகொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே சோறு கொதிப்பதுபோல ஓர் இரைச்சல். இடுக்கால் ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். அம்மா சேலை மடித்து வைக்கும் மேல்தட்டில் வதைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, புத்தகம் அடுக்கியது போலத் தொங்கின. ஏழு எண்ணினேன். பொந்துத்தேன் என்று நாம் சொல்லும் தேனீதான். மரப்பொந்திலும் பழைய புற்றிலும் வைப்பது. பன்னிரண்டு வருடம் ஆளில்லாத வீட்டில் நல்ல பொந்து ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

அம்மா சொன்னா, "அதுகளைக் கலைக்காதை தம்பி. நாங்கள் இல்லாத நேரம் வீட்டில விளக்கு வைச்சதுகள்."

கலைக்கவில்லை. அலுமாரியை அப்படியே விட்டுவிட்டுத்தான் கூரை போட்டோம். ஆனால் வளவைத் துப்புரவாக்கினோம். பாம்புக்குப் பயந்து பற்றை முழுவதையும் வெட்டி, வேரோடு கிளப்பி, தீ வைத்தோம். பக்கத்து வளவுக்காரரும் அதையே செய்தார். ஊருக்குத் திரும்பிய எல்லோரும் செய்தது அதுதான். அடுத்த ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் காலை இரைச்சல் நின்றுவிட்டது. கதவைத் திறந்தேன். ஏழு வதையும் வெறுமை. ஒரு சொட்டுத் தேன் இல்லை, ஒரு புழு இல்லை. மெழுகுப் பூச்சி நூல் கட்டத் தொடங்கியிருந்தது.

இரண்டாவது பிழை கிணற்றில். எங்கள் கிணறு கல்லால் கட்டிய பழைய கிணறு. மேல்கட்டில், வாளி வைக்கும் இடத்தில், கறுத்துக் காய்ந்த ஒரு படை இருந்தது. கரி என்றுதான் நினைத்தேன். முதல் வாளித் தண்ணீரை அள்ளி வைத்தபோது கொஞ்சம் சிந்தியது. குனிந்து வாளியை எடுப்பதற்குள் அந்தக் கரி பச்சையாகிவிட்டது. கண்ணெதிரே, மூச்சு ஒன்று இரண்டு விடும் நேரத்தில். அது ஹயோபிலா இன்வொலூட்டா என்ற பாசி. காய்ந்தால் இலையின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கம் சுருட்டி, வெற்றிலைச் சுருள்போல் குழலாகிவிடும். நனைந்தால் விரியும். நமது பக்கத்தில் கிணற்றுக்கட்டிலும் கோயில் கேணிப்படியிலும் சீமெந்து மதிலிலும் சாதாரணமாகக் கிடைப்பது. பெயர் தெரியாமல் நீங்கள் எல்லோரும் மிதித்திருக்கிறீர்கள்.

கிணற்றின் உள்ளே, நீர்மட்டத்துக்கு மேலே நிழல் விழும் கல்லிடுக்கில் இன்னொன்று இருந்தது. கைவில்லை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தண்டும் ஒரு சின்னப் பறவை இறகு. இலைகள் இரண்டே வரிசையில், தட்டையாக. பிசிடென்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இவ்வளவு வறண்ட ஊரில், கடல் உப்புக் காற்று அடிக்கும் இடத்தில், அந்த மென்மையான பாசி வருடம் முழுக்கப் பச்சையாக இருப்பதற்கு அந்தக் கல்லிடுக்கு ஒன்றுதான் இடம் கொடுத்தது. 2003இல் கிணற்றைத் திருத்தினேன். உள்ளே முழுக்கச் சீமெந்து பூசி, நீர் சுத்தமாக இருக்கட்டும் என்று சுண்ணாம்பும் அடித்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேல்கட்டில் ஹயோபிலா திரும்பி வந்துவிட்டது. உள்ளே அந்த இறகுப் பாசி வரவே இல்லை.

தேனீ போனதும் பாசி போனதும் ஒரே மாதிரியான இழப்பு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இரண்டும் முற்றிலும் வேறு வகையான இழப்புகள் என்று விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

இனி ஊரைவிட்டுக் கொஞ்சம் தூரம் போகவேண்டும். உலகத்தில் அரிய தேனீ ஒன்றையும் அரிய பாசி ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் நான் தெரிவுசெய்ததற்குக் காரணம் அவற்றின் அருமை மட்டுமில்லை. அவை ஒரு குடும்பக் கதையால் இணைந்தவை.

1858இல் இயற்கை ஆய்வாளர் அல்பிரட் ரசல் வாலஸ் இன்றைய இந்தோனேசியாவின் வட மலுக்குப் பகுதியில் பச்சான் தீவுக்குப் போனார். இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினுக்கு எழுதி அனுப்பியதும் அதே வருடத்தில்தான். பச்சான் தீவில் அவருக்கு ஒரு பெண் தேனீ கிடைத்தது. உடல் நீளம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர், இறக்கை விரித்தால் 6 சென்ரிமீற்றருக்கு மேல். நம் பெருவிரல் அளவு. வாயில் கொம்புவண்டின் இடுக்கிபோல இரண்டு பெரிய தாடைகள். உலகிலேயே மிகப் பெரிய தேனீ அதுதான். பிரெடரிக் ஸ்மித் என்ற ஆய்வாளர் 1860-61 காலத்தில் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அதற்கு மெகாகைலி புளூட்டோ என்று பெயரிட்டார். அதன்பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாரும் அதை உயிரோடு பார்க்கவில்லை. 1981இல் அடம் மெசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மீண்டும் கண்டார். மரத்தில் கறையான் கட்டும் புற்றுக்குள் அது குடியிருக்கிறது. அந்தப் பெரிய தாடையால் மரப்பிசினைச் சுரண்டி உருட்டிக் கொண்டுவந்து, கறையான் உள்ளே நுழையாதபடி தன் அறைக்குச் சுவர் பூசுகிறது. இதைக் கண்டறிந்து எழுதியவர் அவர்தான். பிறகு மறுபடியும் மறைந்தது. 2019 ஜனவரியில் கிளே போல்ட் என்ற புகைப்படக்காரரும் அவரோடு போன ஆய்வாளர்களும் உயிருள்ள ஒன்றை முதன்முறையாகப் படம் எடுத்தார்கள். அதற்கு முந்திய வருடம், 2018இல், செத்த தேனீ ஒன்று இணைய ஏலத்தில் 9,100 டொலருக்கு விலைபோயிருந்தது.

அதே 1860-61 காலத்தில், அதே லின்னேயன் சங்கத்தின் ஏட்டில், சசெக்ஸ் பகுதியில் மருந்துக்கடை வைத்திருந்த வில்லியம் மிட்டன் இன்னொரு சிற்றுயிருக்குப் பெயரிட்டார். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சிக்கிமின் மலையிலிருந்து கொண்டுவந்த ஒரு செடி. மிட்டன் அதை ஈரலுருத் தாவரம் என்று நினைத்தார். பாடத்தில் மார்க்கன்சியா படித்த பிள்ளைகளுக்கு அந்த வகை தெரியும். அது பாசிதான் என்று தீர்மானமாகத் தெரியவர இன்னும் நூற்று முப்பது வருடம் பிடித்தது. யப்பானில் அதன் நெருங்கிய உறவு ஒன்றைக் கண்டெடுத்த தகாகி என்பவரின் பெயரால் 1958இல் தகாக்கியா என்ற பெயர் உண்டானது. மிட்டன் பார்த்த செடி இன்று தகாக்கியா செரட்டோபில்லா.

இந்த மிட்டன் நம் நாட்டுக்கும் வேண்டியவர். பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பாளர்களாக இருந்த கார்ட்னரும் துவெய்ட்ஸும் இலங்கையில் சேர்த்த பாசிகளை ஆராய்ந்து பெயரிட்டவர்களில் அவர் முக்கியமானவர். பல இலங்கைப் பாசிகளின் விஞ்ஞானப் பெயருக்குப் பின்னால் இன்றும் அவர் பெயரின் சுருக்கம் நிற்கிறது. வாலஸ் தீவுகளிலிருந்து திரும்பிய பிறகு, பாசி ஆய்வாளரான தன் நண்பர் ரிச்சர்ட் ஸ்புரூஸைப் பார்க்கப் போன இடத்தில் மிட்டன் குடும்பத்தைச் சந்தித்தார். 1866இல் மிட்டனின் மூத்த மகள் ஆனியை மணந்தார். தேனீ கண்டவர் மருமகன், பாசிக்குப் பெயரிட்டவர் மாமனார். அந்த வீட்டு மேசையில் இந்த இரண்டு உயிர்களைப் பற்றியும் பேச்சு வந்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

தகாக்கியாவின் கதைக்கு வருகிறேன். 2023இல் சீனாவையும் ஜேர்மனியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அதன் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்து வெளியிட்டார்கள். 2010 முதல் 2021 வரை திபெத்திய உயர்நிலத்தில், 4,000 மீற்றருக்கு மேலே, அது வளரும் பாறைகளுக்குப் பதினெட்டுத் தடவை போய்வந்த உழைப்பு அது. இந்தச் செடியின் வம்சம் 39 கோடி ஆண்டுப் பழமை உடையது என்று கணித்தார்கள். இமயமலை எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே அது இருந்தது. மலை அதன் காலடியில் எழும்பியது. வருடத்தில் எட்டு மாதம் பனிக்குள் புதைந்து கிடக்கும். மிச்ச நாலு மாதம் சுட்டெரிக்கும் புறஊதாக் கதிரைத் தாங்கும். தலைமுறை தலைமுறையாகத் தன் மரபணுக்களை வேகமாக மாற்றி மாற்றித் தன்னைப் பழக்கிக்கொண்ட செடி. அப்படிப்பட்டதுதான் அந்தப் பத்து வருட அவதானிப்பில், ஆண்டுக்கு 1.6 சதவீதம் என்ற கணக்கில் குறைந்துவந்தது. பனி குறைகிறது, சூடு ஏறுகிறது. இடம் அதன் கீழிருந்து நழுவுகிறது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேனீ பறக்கும், ஒரு தீவுக் காடு அழிந்தால் அடுத்த காட்டைத் தேடும். ஆனால் அதனால் காத்திருக்க முடியாது. கூட்டமாக வாழும் தேனீயில் ஒரு வேலைக்காரத் தேனீயின் ஆயுள் வேலை மும்முரமான காலத்தில் ஆறு கிழமை. பூ இல்லாத ஒரு மாதம் என்பது அதற்குப் பாதி வாழ்நாளுக்கு மேல். பாசி இதற்கு நேர்மாறு. அதனால் நடக்க முடியாது, ஆனால் பொறுத்திருக்க முடியும். அந்தாட்டிக்கில் சிக்னி தீவின் உறைமண்ணுக்குள் 1,500 வருடத்துக்கு மேல் புதைந்து கிடந்த ஒரு பாசியைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெட்டி எடுத்து வெளிச்சமும் சூடும் கொடுத்தபோது அது புதிதாகத் தளிர்த்தது. 2014இல் வந்த செய்தி. பல்லவர் காலத்தில் உறங்கிய செடி நம் காலத்தில் எழும்பியது.

தேனீயால் தூரத்தைக் கடக்க முடியும், காலத்தைக் கடக்க முடியாது. பாசியால் காலத்தைக் கடக்க முடியும், தூரத்தைக் கடக்க முடியாது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

பாசியின் வித்தி காற்றில் பறக்காதா என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். பறக்கும். ஹயோபிலாவையும் வெள்ளிப்பாசியையும் போன்ற சாதாரணப் பாசிகள் அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவின. அரிய பாசிகளின் நிலை வேறு. பாசி இனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆணின் விந்து ஒரு நீர்ப்படலத்தில் நீந்தித்தான் பெண்ணிடம் போகவேண்டும். சில சென்ரிமீற்றர் போவதே பெரிய பயணம். தகாக்கியாவில் ஆண் செடியும் வித்திப்பையும் முதன்முதலில் கிடைத்ததே 1990களை ஒட்டி, அலூசியன் தீவுகளில்தான். அதுவரை பார்த்தவை எல்லாம் பெண்கள். முறிந்த துண்டிலிருந்து தளிர்த்துப் பெருகியவை. இங்கிலாந்தின் டெர்பிஷர் பகுதியில் ஒரு பாசி இருக்கிறது, தம்னோபிரியம் அங்குஸ்ரிபோலியம் என்று பெயர். உலகத்தில் அது இருப்பது ஒரே ஒரு சுண்ணாம்புப் பாறை ஊற்றில், சில சதுர மீற்றர் பரப்பில். இந்த மண்டபத்தின் மேடைக்குள் அந்த இனம் முழுவதும் அடங்கிவிடும். அந்த ஊற்றை ஒருவர் என்னைப்போலத் துப்புரவாக்கினால் கதை முடிந்தது.

பாசிக்கும் ஒரு வகைத் தேனீ உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பூவே இல்லாத செடிக்குத் தேனீ எதற்கு? 2006இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஆண் பாசியையும் பெண் பாசியையும் சில சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு வைத்தார்கள். நடுவில் நீர்ப்படலம் உண்டாகாதபடி பார்த்துக்கொண்டார்கள். தனியே விட்டால் கருக்கட்டல் நடக்கவில்லை. மண்ணில் துள்ளித் திரியும் துள்ளுவால் பூச்சிகளையும் மிகச் சிறிய உண்ணிகளையும் விட்டபோது நடந்தது. அவை விந்தைச் சுமந்து போயின. 2012இல் அமெரிக்காவில் இன்னொரு குழு, பெண் பாசி தனக்கென ஒரு வாசம் விட்டு அந்தப் பூச்சிகளை இழுக்கிறது என்று காட்டியது. மல்லிகைக்கும் முன்னால், பூ என்ற ஒன்று உலகத்தில் தோன்றுவதற்கும் முன்னால், பாசி இந்த வித்தையைத் தொடங்கியிருக்கலாம். இதை வகுப்பில் சொன்ன நாளில் பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "அப்ப சேர், பாசியும் ஒரு பூதான்" என்றது. அந்தப் பதிலுக்கு நான் பரீட்சையில் புள்ளி போட முடியாது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

தேனீயும் பாசியும் நேராகவே சந்திக்கும் ஓர் இடமும் இருக்கிறது. ஐரோப்பாவின் வடக்கே பொம்பஸ் மஸ்கோரம் என்ற உரோமத் தேனீ, நிலத்துக்கு மேல் உயர்ந்த புல்லின் அடியில் கூடு வைக்கும். பக்கத்தில் உள்ள பாசியைக் காலால் கோதி, சிக்கெடுத்து, பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து கூட்டுக்கு மேல் போர்வையாக மூடும். பஞ்சு கொட்டுகிறவர் செய்வது போல. உயிரினங்களின் அழியும் அபாயத்தை மதிப்பிடும் ஐரோப்பியச் செம்பட்டியல் 2014இல் இந்தத் தேனீயை ஆபத்துக்கு உள்ளாகக்கூடியது என்று வகைப்படுத்தியது. நம் நாட்டில் பொம்பஸ் வகை இல்லை.

ஐரோப்பியப் பட்டியல் என்று சொன்னதால் இரண்டு எண்களைத் தருகிறேன். 2014இல் அங்கே 1,965 தேனீ இனங்களை மதிப்பிட்டபோது 9.2 சதவீதம் அழியும் அபாயத்தில் இருந்தன. பாதிக்கு மேற்பட்ட இனங்களுக்குத் தீர்மானிக்கப் போதிய தகவல் இல்லை. 2019இல் பாசிகளையும் அவற்றின் உறவுகளையும் மதிப்பிட்டார்கள். 22.5 சதவீதம் அபாயத்தில் இருந்தன. பாசியின் நிலை தேனீயின் நிலையை விட மோசம். ஆனால் தேனீயைக் காப்போம் என்று எழுதிய பை, குடை, சட்டை எல்லாம் பார்த்திருக்கிறேன். பாசிக்காக ஒரு துண்டுப் பிரசுரமும் என் கையில் கிடைத்ததில்லை. தேனீயின் மேல் எனக்குக் கோபமில்லை. அது தேன் தருகிறது, கத்தரியும் பூசணியும் காய்க்கச் செய்கிறது. நாக்குக்குத் தெரிந்த உறவை மனிதர் மறக்கமாட்டார்கள். இந்தக் குச்சவெளிப் பிரிவுக்குள்ளேயே திரியாய் மலையில் இருக்கும் கல்வெட்டைப் பாருங்கள். சமஸ்கிருத மொழி, பல்லவ கிரந்த எழுத்து. அதில் வரும் திரபுசகர், வல்லிகர் என்ற வணிகர் பெயர்கள், புத்தருக்குத் தேனும் மாவுருண்டையும் முதல் உணவாகக் கொடுத்ததாகப் பௌத்த மரபு சொல்லும் இருவரின் பெயர்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேலாகக் கல்லில் நிற்பது ஒரு தேன் கொடுத்த கதை. பாசிக்கு அப்படி ஒரு கதை எந்தக் கல்லிலும் இல்லை. கல்லின் மேல் இருப்பது அது மட்டும்தான்.

இனி நம் ஊர். இலங்கையில் தேன் சேர்க்கும் பெரிய வகைத் தேனீ மூன்று: பொந்துத்தேனீ, பற்றைக் கொப்பில் கையளவு வதை வைக்கும் கொம்புத்தேனீ, உயர்ந்த மரத்திலும் பாறையிலும் ஒற்றை வதையாகத் தொங்கும் பெருந்தேனீ. இவற்றோடு கொட்டாத கொசுத்தேனீயும் இருக்கிறது. எல்லாத் தேனீ இனங்களையும் சேர்த்தால் நாட்டில் ஏறத்தாழ 150. பெரும்பாலானவை கூட்டமில்லாமல் தனியாக வாழ்பவை. மணலில் துளையிட்டும் காய்ந்த தண்டுக்குள்ளும் முட்டை வைப்பவை. கத்தரிப்பூவில் மகரந்தம் உப்புப்போத்தலில் உப்புப்போல உள்ளே அடைபட்டிருக்கும். பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் கொட்டும். பொந்துத்தேனீக்கு அது தெரியாது. வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரு தனித்தேனீக்கும் மரம் துளைக்கும் கருந்தேனீக்கும் தெரியும். ஆவரசம்பூவையும் அவைதான் அதிரவைக்கும். நான் 2002இல் தீ வைத்த பற்றைக்குள் எத்தனை தண்டில் தனித்தேனீக்கள் முட்டை வைத்திருந்தனவோ.

பெருந்தேனீயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். கொனிகர் என்ற ஆய்வாளர் தம்பதியர் இலங்கையில் ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார்கள்: இந்தத் தேனீ மழைக்கும் பூவுக்கும் ஏற்பத் தாழ்நிலத்திலிருந்து மலைநாட்டுக்கும், மலைநாட்டிலிருந்து தாழ்நிலத்துக்கும் கூட்டத்தோடு இடம்பெயர்கிறது. வழியில் மரங்களில் இரண்டொரு நாள் கொத்தாகத் தொங்கி இளைப்பாறும். பாலைமரம் பூக்கும் நேரத்தில் உலர்காட்டுக்கு வரும் கூட்டம், வேறொரு மாதத்தில் முகில் படியும் மலைச் சரிவில், பாசி போர்த்த கொப்புகளுக்கு நடுவே மேயக்கூடும். அந்த மலைப்பாசி முகிலிலிருந்து வடித்தெடுக்கும் ஈரமும் மகாவலியில் சேர்ந்து 335 கிலோமீற்றர் ஓடி நம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஒன்று பறந்து வந்து நம்மைச் சேர்கிறது. மற்றது இருந்த இடத்தில் இருந்தபடியே தண்ணீரை அனுப்புகிறது.

தேன் எடுக்கப் போகும் ஒரு முதியவரிடம் என் அலுமாரித் தேனீயைப் பற்றிச் சொல்லி, நான் கலைக்கவில்லையே, ஏன் போனது என்று கேட்டேன். அவர் என் வளவைச் சுற்றிப் பார்த்தார். "வேம்பு பூத்துச்சுது, புளி பூத்துச்சுது. அது முடிஞ்சாப் பிறகு இதுக்குச் சாப்பாடு எங்க தம்பி? நீங்கள் வீட்டை விட்டு வைச்சியள், அடுப்படியை இடிச்சுப் போட்டியள்." அவர் சொன்னதை விடத் தெளிவாக எந்த நூலிலும் நான் படிக்கவில்லை. சித்திரை வைகாசியில் எல்லாம் பூக்கும். ஆனி ஆடியில், கச்சான் காற்று மண்ணைச் சுடவைக்கும் காலத்தில், கடற்கரை அடம்பனும் தென்னம்பாளையும் களப்போரக் கண்ணாவும் பற்றைக்குள் ஒளிந்து பூக்கும் சின்னச் செடிகளும்தான் சோறு போடும். உல்லாச விடுதிக்கோ வீட்டுக்கோ கரையைச் சுத்தமாக்கும்போது முதலில் போவது அந்த ஆடி மாதச் சாப்பாடு. பூவின் கணக்கில் ஒரு மாதம் கிழிந்தால் தேனீக்கு அந்த வருடமே கிழிந்துபோகிறது.

ஆகவே தேனீக்கு என்ன செய்யவேண்டும் என்றால் நாட்காட்டியைத்தான் காக்கவேண்டும். மரம் வெட்டினால் வேறிடத்தில் மரம் நடுவது தேனீ விஷயத்தில் ஓரளவு சரிவரும், அது பறந்து போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நடுகிற மரம் எந்த மாதம் பூக்கும் என்று பார்த்து நடவேண்டும். வெங்காயத்துக்கும் கத்தரிக்கும் மருந்து அடிக்கும் தோட்டக்காரத் தம்பிமாரிடம் நான் கெஞ்சிக் கேட்பது, காலையில் அடிக்காதீர்கள், தேனீ அடங்கிய பிறகு பொழுதுபட அடியுங்கள், பூத்திருக்கும் பயிரில் அடிப்பதை முடிந்தவரை தவிருங்கள். வளவின் ஒரு மூலையில் நாலு முழப் பற்றையை வெட்டாமல் விடுங்கள். பாம்புக்குப் பயம் என்றால் வாசலிலிருந்து தள்ளி விடுங்கள்.

பாசிக்கு இந்த உபாயம் ஒன்றும் உதவாது. பாசி ஒட்டிய நூறு வருட மரத்தை வெட்டிவிட்டு ஆயிரம் கன்று நட்டாலும் அந்தப் பாசிக்கு அது தெரியாது. அதற்கு வேண்டியது அந்த மரம், அந்தக் கல், அந்த நிழல். ரிட்டிகல மலையை எடுத்துக்கொள்ளுங்கள். வடமத்திய வறண்ட சமவெளியில் 766 மீற்றர் உயரத்தில் தனித்து நிற்கும் மலை. கீழே உலர்காடு, உச்சியில் முகில் தங்கி ஈரநாட்டுச் செடிகளை வாழவைக்கிறது. தாவரவியலாளர் ஹென்றி திரிமன் 1880களில் அதன் தாவரங்களைப் பற்றி எழுதினார். 1941இல் அதைக் கடும் பாதுகாப்பு வனமாக்கினார்கள். ஒரு சின்ன இடத்தைத் தொடாமல் விட்டதால் ஒரு முழு உலகம் பிழைத்தது. நம் நிலாவெளிக் கடலில் புறாத்தீவையும் 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். இடத்தைக் காப்பது நமக்குத் தெரியாத வேலை இல்லை. ஆனால் பாசியின் இடங்கள் வரைபடத்தில் வராத இடங்கள். ஒரு கேணிப்படியின் மூன்றாவது கல், ஒரு மருதமரத்தின் வடக்குப் பக்கம், ஒரு கிணற்றின் உள்வளையம். அவற்றைக் காக்கத் திணைக்களம் வரமுடியாது. அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர்தான் காக்கமுடியும்.

அதனால் இந்தப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். குச்சவெளிப் பிரிவில் கல்லால் கட்டிய பழைய கிணறு, கேணி, மதகு எத்தனை இன்னும் பூசப்படாமல் இருக்கின்றன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் பாசி, நிழலா வெயிலா, மாரியில் எப்படி, கோடையில் எப்படி என்று குறியுங்கள். அதே கொப்பியின் பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பக்கம் ஒதுக்குங்கள். எந்த மாதம் எது பூக்கிறது, அதில் எந்தத் தேனீ வருகிறது என்று எழுதுங்கள். முன்பக்கம் இடக் கணக்கு, பின்பக்கம் காலக் கணக்கு. ஆடி மாதப் பக்கம் வெறுமையாக இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், என்ன நடலாம் என்று இருந்து பேசுவோம்.

என் வீட்டு அலுமாரி இப்போதும் இருக்கிறது. அம்மா காலமான பிறகு அதில் ஒன்றும் வைக்கவில்லை. வளவின் கிழக்கு மூலையில் நொச்சியையும் ஆவரசையும் திரும்ப விட்டு ஒன்பது வருடமாகிறது. திறப்புத் துவாரத்தை நான் அடைக்கவில்லை. போன தையில் இரண்டு தேனீ வந்து அதைச் சுற்றிப் பறந்து, உள்ளே போய் அளந்துவிட்டுப் போயின. குடிவரவில்லை.

இந்தப் பாடசாலை வளவின் பின்பக்கத்தில், பழைய கட்டடத்துக்கு அப்பால், பாவனையில் இல்லாத ஒரு கற்கிணறு இருப்பதை இன்று காலை பார்த்தேன். அதிபர் அவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். தேநீர் முடிந்ததும் எல்லோரும் அங்கே வாருங்கள். சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டு உயரம் குறைவு. இரண்டு கைவில்லையும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்திருக்கிறேன். மாரி இன்னும் தொடங்கவில்லை. கல்லில் இருப்பது கரிபோலத்தான் தெரியும்.